பெரிய கண்ணாடி ஒன்றா, சின்னது பலவா? காமாக் கதிர்த் தொலைநோக்கிகளை எவ்வளவு இடைவெளியில் நிறுத்துவது?

நாகமலை_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில், தரையில் இருந்தபடி காமாக் கதிர்களைப் பார்க்கும் தொலைநோக்கிகள் பற்றிப் பேச வேண்டும். லடாக்கில் ஹான்லேயில் 4,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேஸ் தொலைநோக்கியை மையமாக வைத்துத் தயார் செய்கிறேன். 2024 அக்டோபர் 4 அன்று திறந்தார்கள். 21 மீட்டர் விட்டம், 356 கண்ணாடித் தகடுகள், 1,088 பிக்சல் கேமரா.

நமீபியாவில் உள்ள ஹெஸ் இப்படி இல்லை. 12 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கை, 120 மீட்டர் சதுரத்தின் மூலைக்கு ஒன்றாக நிறுத்தித்தான் தொடங்கினார்கள். சிலியில் வரவிருக்கும் செரென்கோவ் தொலைநோக்கி அணியில் 51 தொலைநோக்கிகள், அதில் 37 வெறும் நான்கு மீட்டர் அளவு. கண்ணாடி பெரிதானால் நல்லது என்றுதானே இளங்கலையில் படித்தோம்? சின்னதாகச் செய்து எதற்காகப் பரப்புகிறார்கள்? நடுவில் விடும் இடைவெளியை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

திருமங்கலம்_ஆசிரியர் எழுதியது:

அம்மா, இங்கே கண்ணாடி காமாக் கதிரைப் பிடிப்பதே இல்லை. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள், மற்றது தானாகத் தெளியும்.

காமாக் கதிர் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அந்த இணை மறுபடி காமாவை உமிழ்கிறது, அந்தக் காமா மறுபடி இணையாகிறது. இப்படிப் பெருகி, எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தேய்ந்துவிடும். இதைத்தான் துகள் பொழிவு என்கிறோம். காற்றுக்குள் ஒளி போகும் வேகத்தைவிட அந்தத் துகள்கள் வேகமாக ஓடுவதால் நீல நிற செரென்கோவ் ஒளி கிளம்புகிறது. சில நானோ நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தரையில் நிற்கும் கண்ணாடி பார்ப்பது அந்த ஒளியைத்தான். ஆக, உண்மையான உணர்கருவி நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று.

ஏன் இந்தச் சுற்று வழி என்று உங்கள் வகுப்பில் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலாவிலிருந்து 1 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (ஆற்றலின் அலகு, இனி டிஇவி என்கிறேன்) மேற்பட்ட காமா ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்று விழ, சுமார் 5,000 கோடி நொடி ஆகும். அதாவது 1,600 ஆண்டு. ஒரு சதுர மீட்டர் கருவியோடு சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஆண்டுக்கு ஆறு கிடைத்தால் அதிகம். தரையிலோ ஒரு லட்சம் சதுர மீட்டரை ஓர் அணி கவனித்தால் 50 நொடிக்கு ஒன்று வந்துவிடும். இத்தனை பெரிய பரப்பை எந்த ராக்கெட்டிலும் ஏற்ற முடியாது.

நம் ஊரில் இருந்து பார்த்தால் தை மாத இரவில் ஒன்பது, பத்து மணிக்கு அந்த நெபுலா ஏறக்குறைய உச்சியில், 78 டிகிரி உயரத்தில் நிற்கும். 1989-ல் அரிசோனாவின் விப்பிள் 10 மீட்டர் தொலைநோக்கி இந்த முறையில் சந்தேகமில்லாமல் கண்டறிந்த முதல் பொருள் அதுதான். அப்போது இருந்தது ஒற்றைத் தொலைநோக்கி, அணி இல்லை.

சிமுலேஷன்_செல்வி எழுதியது:

சொந்த ஊர் மேலூர். இதே துறையில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன், வேலை முழுக்க சிமுலேஷன். இடைவெளி பற்றிக் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

10 கி.மீ. உயரத்தில் செரென்கோவ் ஒளி, துகள் போகும் திசையிலிருந்து சுமார் 0.8 டிகிரி விலகிக் கிளம்புகிறது. தொலைநோக்கி 2 கி.மீ. உயர மலையில் இருந்தால் அந்த ஒளி இறங்க 8 கி.மீ. இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 110 மீட்டர் வரும். முழுமையாகச் செய்த கணக்கிலும் 120 மீட்டர் ஆரத்தில் தரையில் ஒரு ஒளி வட்டம் விழுகிறது. வட்டத்துக்குள் ஒளி ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், விளிம்பைத் தாண்டினால் விறுவிறுவெனக் குறையும். அந்த வட்டத்துக்குள் எங்கே நின்றாலும் ஒரு தொலைநோக்கிக்குப் பொழிவு தெரிந்துவிடும். ஒற்றைத் தொலைநோக்கியே 45,000 சதுர மீட்டரைப் பார்ப்பது இதனால்தான்.

பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. ஒற்றைத் தொலைநோக்கியில் பொழிவு ஒரு நீள்வட்டமாகத் தெரியும். காமா வந்த திசை அந்த நீள்வட்டத்தின் நெடு அச்சில் எங்கோ இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்பது சரியாகத் தெரியாது. எதிர்சேவை இரவில் வாணவெடி வெடிக்கும்போது கோரிப்பாளையத்தில் நிற்பவரும் சிம்மக்கல்லில் நிற்பவரும் கை நீட்டிக் காட்டினால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வெடி. இருவரும் ஒரே திண்ணையில் நின்று காட்டினால் இரண்டு கோடும் ஒட்டியே போகும், வெட்டும் இடத்தைச் சொல்லவே முடியாது. இடைவெளி வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போகலாமா என்றால், முடியாது. 250 மீட்டர் தள்ளி வைத்தால் மங்கலான பொழிவின் வட்டத்துக்குள் ஒரு தொலைநோக்கிதான் இருக்கும். இரண்டாவது இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். 50 மீட்டரில் வைத்தால் மங்கலான பொழிவுகள் எல்லாம் கிடைக்கும், ஆனால் கோடுகள் வெட்டும் கோணம் சின்னது, மொத்தப் பரப்பும் சின்னது. ஹெஸ் 120 மீட்டர், லா பால்மா தீவின் மேஜிக் 85 மீட்டர் என்று போனதெல்லாம் இந்த இழுபறியில் ஒரு இடம் பார்த்து நின்றதுதான்.

அடுத்தது ஆற்றல். 100 ஜிஇவி (1 டிஇவியில் பத்தில் ஒரு பங்கு) காமா, ஒளி வட்டத்துக்குள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய பத்து ஃபோட்டான் தரும். 1 டிஇவி என்றால் நூறு. கண்ணாடியிலும் கேமராவிலும் இழப்பது போக மிஞ்சுவது சொற்பம். 30 ஜிஇவிக்கு இறங்க வேண்டுமானால் 20 மீட்டருக்கு மேல் கண்ணாடி இல்லாமல் நடக்காது. 100 டிஇவிக்கு நேர் எதிரான நிலைமை. ஒளி தாராளம், வட்டத்துக்கு வெளியே 200, 300 மீட்டர் தள்ளி நின்றாலும் நான்கு மீட்டர் கண்ணாடிக்குப் போதும். ஆனால் அப்படி ஒரு காமா வருவதே அபூர்வம். ஆற்றல் பத்து மடங்கு கூடினால் எண்ணிக்கை சுமார் நாற்பதில் ஒன்றாகக் குறைகிறது. பரப்பைக் கூட்டினால்தான் கைக்கு ஏதாவது வரும்.

அதனால்தான் செரென்கோவ் தொலைநோக்கி அணியில் மூன்று அளவு வைத்திருக்கிறார்கள். லா பால்மாவில் 23 மீட்டர் நான்கு, 12 மீட்டர் ஒன்பது. சிலியில் பரானல் பக்கம் 12 மீட்டர் பதினான்கு, நான்கு மீட்டர் முப்பத்தேழு, ஏறக்குறைய 3 சதுர கி.மீ. பரப்பில். வடக்கில் ஏன் சின்னது ஒன்றுகூட இல்லை என்று கவனியுங்கள். நம் பால்வீதியின் மையப் பகுதி தெற்கில் இருந்துதான் நன்றாகத் தெரியும், மிக அதிக ஆற்றல் காமாக்களைத் தேட வேண்டிய இடம் அது. தொலைதூர கேலக்ஸிகளில் இருந்து கிளம்பும் பத்துகள் டிஇவி காமாவோ, வழியிலேயே அகச்சிவப்பு ஒளியோடு மோதி அழிந்துவிடும். எந்தப் பொருளைப் பார்க்கப் போகிறோம் என்பதே அணியின் வரைபடத்தை எழுதிவிடுகிறது.

கப்பலூர்_எலக்ட்ரானிக்ஸ் எழுதியது:

நான் இயற்பியல்காரன் இல்லை, கப்பலூரில் கன்ட்ரோல் போர்டு செய்கிற ஆள். ட்ரிக்கர் பக்கம்தான், அதாவது எப்போது பதிவு செய்வது என்று கருவி முடிவெடுக்கும் பகுதிதான், எனக்கு ஆர்வம். சில நானோ நொடி ஒளி என்கிறீர்கள். இரவு வானத்தில் நட்சத்திர வெளிச்சம் எப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு கேமராவும் சும்மாவே அடித்துக்கொண்டே இருக்காதா?

சிமுலேஷன்_செல்வி எழுதியது:

அடிக்கும் அண்ணே. அங்கேதான் அணி கை கொடுக்கிறது. ஒரு தொலைநோக்கி நொடிக்கு ஆயிரம் முறை பொய்யாக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 100 நானோ நொடிக்குள் சேர்ந்து அடித்தால் மட்டுமே பதிவு செய் என்றால், தற்செயலாகச் சேர்வது ஐந்து நொடிக்கு ஒருமுறைதான். பொய் இவ்வளவு குறைந்த பிறகு, எவ்வளவு ஒளி வந்தால் அடிக்க வேண்டும் என்ற ஒவ்வொரு கேமராவின் வரம்பையும் தைரியமாக இறக்கலாம். அதே கண்ணாடியை வைத்துக்கொண்டே குறைந்த ஆற்றலுக்குப் போகலாம்.

மியூயான் தொல்லையும் இதே வழியில் தீர்கிறது. அண்டக் கதிர்ப் பொழிவில் இருந்து வரும் மியூயான் (எலக்ட்ரான் போன்றது, எடை அதிகமான துகள்) கண்ணாடிக்குப் பக்கத்தில் இறங்கினால் கேமராவில் ஒளி வளையம் விழும். வளையத்தில் ஒரு துண்டு மட்டும் விழுந்தால், குறைந்த ஆற்றல் காமாவின் படம் என்றே தோன்றும். ஒற்றைத் தொலைநோக்கி இதில் நிறைய ஏமாறும். ஒரு மியூயானின் ஒளி சில பத்து மீட்டருக்கு மேல் பரவாது. 85 மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டாவது கேமராவில் ஒன்றும் இருக்காது, தள்ளிவிடலாம்.

கப்பலூர்_எலக்ட்ரானிக்ஸ் எழுதியது:

சரி, 100 மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு தொலைநோக்கியும் 45 டிகிரி சாய்ந்து பார்த்தால் ஒளி ஒன்றுக்கு முன்னாலும் மற்றதற்குப் பின்னாலும் வரும். 71 மீட்டர் பாதை வித்தியாசம், சுமார் 236 நானோ நொடி. உங்கள் 100 நானோ நொடி சன்னலுக்கு வெளியே போய்விட்டதே. தொலைநோக்கி பார்க்கும் திசை மாற மாற இந்தத் தாமதத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளியைக் கூட்டக் கூட்ட இந்த வேலையும் கூடும். இதைக் கருத்தரங்கில் சொல்லுங்கள் தங்கச்சி. வடிவமைப்பு என்றால் தரையில் புள்ளி வைப்பதோடு முடியாது, கேபிளும் கடிகாரமும் அதில் சேர்த்திதான்.

சிமுலேஷன்_செல்வி எழுதியது:

மிகச் சரி. திசைக்குத் தகுந்தபடி தாமதத்தைக் கணக்கிட்டு ஈடு செய்துதான் ஓட்டுகிறார்கள். கண்ணாடியின் வடிவத்திலும் நேரம் உண்டு. பல சிறு கண்ணாடிகளைக் கோள வடிவச் சட்டத்தில் பொருத்தும் டேவிஸ்-காட்டன் முறையில் ஓரத்துக் கண்ணாடி ஒளியும் நடுக் கண்ணாடி ஒளியும் ஒரே கணத்தில் கேமராவை அடைவதில்லை. 12 மீட்டரில் சமாளிக்கலாம். 17, 23 மீட்டர் என்று போகும்போது மேஜிக் அணியும் 23 மீட்டர் தொலைநோக்கியும் பரவளைய வடிவத்துக்கு மாறியது இதற்காகத்தான்.

இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று வெரிடாஸ். அரிசோனாவில் 12 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கு, 2007-லிருந்து ஓடுகிறது. இடம் அமைந்த விதத்தில் அதில் இரண்டு வெறும் 35 மீட்டர் தூரத்தில் நின்றுவிட்டன. நான்கு இருந்தும் பல நேரம் மூன்றின் பலன்தான். 2009 கோடையில் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் நிறுத்தினார்கள். நண்டு நெபுலாவின் நூறில் ஒரு பங்கு மங்கலான பொருளைக் கண்டறிய முன்பு 50 மணி நேரம் போல ஆனது, பிறகு 30 மணிக்கும் குறைந்தது. கண்ணாடிகளைச் சீர் செய்யும் முறையும் அப்போது மேம்பட்டது, அதற்கும் பங்கு உண்டு. ஆனாலும் புதிதாக ஒரு சதுர மீட்டர் கண்ணாடிகூட வாங்காமல் இத்தனை லாபம் கிடைத்தது.

உசிலை_வானம் எழுதியது:

வார இறுதியில் பையன்களைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் வானம் பார்க்கிறவன் நான். ஒரு ஆசைக் கேள்வி. கொடைக்கானலில் 1901-லிருந்து சூரியனைப் பார்க்கிறார்கள். உயரம் 2,300 மீட்டருக்கு மேல். மேகமலையும் பக்கத்தில்தான். இப்படி ஒரு அணி நம் மலையில் வந்தால் என்ன? எல்லாமே லடாக்குக்கும் சிலிக்கும் போக வேண்டுமா?

மலைக்காற்று எழுதியது:

ஊட்டியில் அண்டக் கதிர்ப் பொழிவுகளை ஆராயும் கிரேப்ஸ்-3-ல் கொஞ்ச காலம் புராஜெக்ட் மாணவனாக இருந்தவன். உங்கள் ஆசை எனக்கும் உண்டு அண்ணே, ஆனால் செரென்கோவ் தொலைநோக்கிக்கு நம் மலை ஒத்துவராது.

மேகம் முதல் காரணம். நிலவில்லாத, தெளிந்த இரவு மட்டும்தான் இவற்றுக்கு வேலை. நல்ல இடத்திலேயே ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் போலத்தான் கிடைக்கும். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலமும் மலையில் வந்து நிற்கும். நண்டு நெபுலா உச்சிக்கு வரும் கார்த்திகை, மார்கழியில் பழனி மலை மூடிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோலைக்காட்டை வெட்டித் தளம் போடுவதை நானே எதிர்ப்பேன்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் பூமியின் காந்தப்புலம். பொழிவில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் எதிரெதிர்ப் பக்கம் வளையும். காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டித்தான் போகிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே புலம் கிட்டத்தட்ட முழுக்கக் கிடைமட்டம், சுமார் 40 மைக்ரோடெஸ்லா. உச்சியிலிருந்து நேராக இறங்கும் பொழிவுக்கு இதுதான் மிக மோசமான திசை. துகள்கள் கிழக்கு மேற்காக விரிந்து ஒளி நீர்த்துப்போகும், படம் அகலும். ஹெஸ் நிற்கும் இடத்தில் கிடைமட்டப் புலம் 12 மைக்ரோடெஸ்லாதான். குறைந்த ஆற்றலில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆனால் நம் பக்கத்து மலையில் அணியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கிரேப்ஸ்-3 பகலும் இரவும் மழையிலும் ஓடுகிறது, ஏனென்றால் அது ஒளியைத் தேடவில்லை, தரைக்கு வந்து சேரும் துகள்களையே எண்ணுகிறது. 2,200 மீட்டர் உயரத்தில் 25,000 சதுர மீட்டரில் சுமார் 400 பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்கள் (துகள் பட்டால் மின்னும் தகடுகள்), ஒன்றுக்கொன்று 8 மீட்டர். துகள்கள் ஒவ்வொன்றிலும் வந்து சேரும் நேர வித்தியாசத்தில் இருந்து திசை கிடைக்கும். கூடவே 560 சதுர மீட்டர் மியூயான் கருவி. பொழிவில் மியூயான் மிகக் குறைவாக இருந்தால் அது காமாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதே யோசனையைச் சீனாவில் 4,410 மீட்டர் உயரத்தில் லாஸோ என்ற பெயரில் மிகப் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். 15 மீட்டருக்கு ஒன்றாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிண்டிலேட்டர், 30 மீட்டருக்கு ஒன்றாக மண்ணுக்கு அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மியூயான் தொட்டி, மொத்தம் 1.3 சதுர கி.மீ. 2021-ல் பன்னிரண்டு மூலங்களில் இருந்து 100 டிஇவிக்கு மேற்பட்ட காமாக்களை அறிவித்தார்கள். அதில் ஒன்று 1,400 டிஇவி. இடைவெளியை இரட்டித்து, மியூயான் கருவியைப் பரப்பி, உயரத்தைக் கூட்டினார்கள். ஊட்டிக்கு மிக நெருக்கமான ஒரு யோசனை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

திருமங்கலம்_ஆசிரியர் எழுதியது:

மலைக்காற்று தம்பி சொன்னதோடு சேர்த்து, ஹான்லேயிலேயே ஒரு அணி இருப்பதையும் மாணவி சொல்ல வேண்டும். ஹகார். 2008-லிருந்து இயங்கியது. நடுவில் ஒன்று, அறுகோண மூலையில் ஆறு, 50 மீட்டர் இடைவெளி. அது படம் எடுப்பதில்லை, ஒளி அலைமுகம் எந்தத் தொலைநோக்கியை எப்போது தொட்டது என்று நேரத்தை அளக்கும். கண்ணாடி சின்னதாக இருந்தும் சுமார் 200 ஜிஇவி வரை இறங்க முடிந்ததென்றால் அது உயரத்தின் கொடை.

மேஸ் ஒன்றே ஒன்றாக நிற்பதைக் குறையாகப் பேச வேண்டாம் என்பது என் கருத்து. 20, 30 ஜிஇவி வரை இறங்கும் நோக்கத்தோடு கட்டியது. அந்த ஆற்றல் பகுதியில் பல்சார்களும் (சுழன்றபடி துடிப்பாகக் கதிர் வீசும் நட்சத்திர மிச்சங்கள்) தொலைதூர கேலக்ஸிகளும் காத்திருக்கின்றன. நம் தீர்க்கரேகையில் இத்தனை பெரிய கண்ணாடி வேறு யாரிடமும் இல்லை. லா பால்மா இருக்கும் கனரி தீவுகளில் இருட்டும் முன்பே நமக்கு இரவு வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. மின்னி மறையும் ஒரு பொருளை உலகம் முழுக்கத் தொடர்ந்து பார்க்க நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

கப்பலூர்_எலக்ட்ரானிக்ஸ் எழுதியது:

ஐயா, குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த பணம் வந்தால் எதில் போடுவது? இன்னொரு 21 மீட்டரில் போடுவதைவிட நான்கு மீட்டர் பத்து, பதினைந்து செய்தால் நம் ஊர்ப் பட்டறைகளே வேலை எடுக்கலாமே.

சிமுலேஷன்_செல்வி எழுதியது:

என் வாக்கு இரண்டாவது பெரிய தொலைநோக்கிக்கு அண்ணே. மேஜிக்கைப் பாருங்கள். முதல் 17 மீட்டர் 2004-லிருந்து தனியாக ஓடியது. 2009-ல் இரண்டாவது வந்து சேர்ந்ததும் உணர்திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 30 ஜிஇவி பகுதியில் மியூயான் படமும் காமாப் படமும் மிக ஒத்துப் போவதால், அங்கேதான் இரண்டாவது கண் அதிகம் உதவும். பத்து நான்கு மீட்டர் தொலைநோக்கிகள் மேஸ் பார்க்கும் பொழிவை அநேகமாகப் பார்க்கவே பார்க்காது. இரண்டும் பக்கத்தில் நின்றாலும் வேறு வேறு ஆற்றலில் வேலை செய்யும், ஒன்றுக்கு ஒன்று துணை ஆகாது.

சின்னவை நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு நியாயம் வேறு. 50 டிஇவிக்கு மேல் பார்க்க வேண்டும் என்று முடிவு எடுத்து, 200 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, ஒரு சதுர கி.மீ. பரப்ப முடிந்தால் செய்யலாம். அரைகுறையாகப் பத்தை நெருக்கி வைத்தால் எந்தப் பக்கமும் பயன் இல்லை.

நாகமலை_மாணவி எழுதியது:

அப்படியானால் ஹான்லேயில் இரண்டாவது மேஸ் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? ஹெஸ்ஸைப் பார்த்து 120 மீட்டர் என்று ஸ்லைடில் போட்டுவிடலாமா? வெறும் கருத்தாக இல்லாமல் நானே ஒரு சின்னக் கணக்குச் செய்து காட்ட வழி உண்டா அக்கா?

சிமுலேஷன்_செல்வி எழுதியது:

120 வேண்டாம். ஹெஸ் 1,800 மீட்டரில் இருக்கிறது, ஹான்லே 4,300. பொழிவின் உச்சத்திலிருந்து தரைக்கு உள்ள தூரம் குறைந்துவிடுகிறது. முதலில் போட்ட அதே கணக்கில் 5.7 கி.மீ., 0.8 டிகிரி என்று போட்டால் 80 மீட்டர்தான் வரும். வட்டம் சுருங்கும், உள்ளே ஒளி அடர்த்தி கூடும். அதனால் மலை மேலே ஏற ஏற இடைவெளியைக் குறைக்க வேண்டும். 80-க்கும் 100-க்கும் நடுவில் தேடுவதுதான் சரி என்பது என் கணிப்பு.

கணக்குச் செய்ய கார்சிகா என்ற சிமுலேஷன் நிரல் போதும், கல்லூரிக் கணினியில் ஓடும். 50 ஜிஇவி, 200 ஜிஇவி, 1 டிஇவி என்று மூன்று ஆற்றல் எடுங்கள். ஒவ்வொன்றிலும் செங்குத்தாக இறங்கும் காமாப் பொழிவு சில நூறு போதும். பொழிவு மையத்தை ஒரே இடத்தில் வைக்காமல் 400 மீட்டர் ஆரத்துக்குள் சமவாய்ப்பில் சிதற விடுங்கள். இடைவெளி 50, 80, 100, 120, 200. இரண்டு கண்ணாடியிலும் குறைந்தது 50 ஃபோட்டோஎலக்ட்ரான் (ஒளி பட்டுக் கேமராவில் கிளம்பும் எலக்ட்ரான்) சேர்ந்த பொழிவுகளின் விகிதத்தை, சிதறவிட்ட வட்டத்தின் பரப்பால் பெருக்கினால் பயனுறு பரப்பு வந்துவிடும். இடைவெளி கிடை அச்சில், பரப்பு நெடு அச்சில், மூன்று ஆற்றலுக்கு மூன்று கோடு. கோட்டின் உச்சி 50 ஜிஇவியில் ஒரு இடத்திலும் 1 டிஇவியில் வேறு இடத்திலும் வருகிறதா என்று பாருங்கள். வெட்டும் கோணத்தையும் தனியாக ஒரு படமாக வரையுங்கள், இல்லாவிட்டால் நெருங்கிய இடைவெளிதான் சிறந்தது என்று கணக்கு சொல்லிவிடும்.

மலைக்காற்று எழுதியது:

உள்ளீட்டுக் கோப்பில் காந்தப்புலத்துக்கு இரண்டு எண் கேட்கும், வடக்கு நோக்கிய பாகமும் கீழ்நோக்கிய பாகமும். மாதிரிக் கோப்பில் இருப்பதை அப்படியே விடாமல் ஹான்லேயின் எண்ணைப் போடுங்கள். இன்னொரு முறை மதுரையின் எண்ணைப் போட்டு, உயரத்தை மாற்றாமல், அதே 50 ஜிஇவியை ஓட்டிப் பாருங்கள். உசிலை அண்ணன் கேள்விக்குப் படமே பதில் சொல்லும், கிழக்கு மேற்காக வட்டம் நீள்வதை வைத்து.